மெய்ம்மை வாரியமும் மலாக்கி வீட்டுக் கணப்பும்

அயர்லாந்தில் எங்கள் ட்ரம்லாரா ஊருக்கு இறந்தவர்கள் வந்துபோவதற்கு அரசாங்க அனுமதி கிடைத்தது மூன்று வருடங்களுக்கு முன்பு. அதற்கு முன்னால் அவர்கள் சும்மாதான் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் கடைசி நாள், வெளிச்சம் மங்கும் நேரத்தில் வருவார்கள். அவர்களுக்காகக் கதவைத் தாழிடாமல் வைத்திருப்போம். கணப்பில் நெருப்பு, அதன் எதிரே ஒரு காலி நாற்காலி, பக்கத்தில் ஒரு தட்டு. வந்தவர்கள் குளிர்காய்ந்துவிட்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் கிளம்பிவிடுவார்கள். உயிரோடிருக்கும் விருந்தாளிகளில் இப்படிப்பட்டவர்களை நான் கண்டதில்லை. பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு வீடுவீடாகப் போய் ஆப்பிளும் கொட்டைகளும் வாங்குவார்கள். கோடை செத்தது, குளிர்காலம் பிறந்தது என்று அதற்கு அர்த்தம். சௌவன் என்பது அதன் பழைய பெயர். பிற்பாடு அது ஹாலோவீன் என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய், பூசணிக்காயும் மிட்டாயுமாகத் திரும்பி வந்தது. வெளிநாடு போய்வந்த எல்லாரையும் போலக் கொஞ்சம் சத்தம் கூடியிருந்தது, அவ்வளவுதான். எங்களுக்கு அதில் வருத்தமில்லை.

வருத்தப்பட்டது டப்ளின்.

டப்ளினில் தேசியச் சௌவன் மெய்ம்மை வாரியம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எங்கள் குன்றின் உச்சியில் வட்டமாக ஒரு பழைய மண்மேடு உண்டு. அதில் ஆடுகள் மேயும். அந்த ஆடுகள் வரலாற்றின் மேல் மேய்கின்றன என்று வாரியம் கண்டுபிடித்து, எங்கள் ஊரை 'மெய்யான சௌவன் கிராமம்' என்று அறிவித்தது. ஆடுகளிடம் யாரும் கேட்கவில்லை. எங்களிடமும்தான்.

வாரியத்தின் இயக்குநர் டாக்டர் லோர்கன் டெவ்லின். உயரமானவர். யாரிடம் பேசினாலும் அவருடைய தலைக்கு மேலே, பின்னால் உட்கார்ந்திருக்கும் வருங்காலச் சந்ததியைப் பார்த்துப் பேசுவார். பள்ளிக்கூட மண்டபத்தில் முதல் கூட்டம் போட்டபோது அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இந்த ஊர் ஜனங்க இத்தனை நூற்றாண்டா எந்த வழிகாட்டுதலும் இல்லாம, தாங்களாவே, வீட்லயே இந்தப் பண்டிகையக் கொண்டாடிட்டு வந்திருக்காங்க. நினைச்சாலே எனக்கு உடம்பு பதறுது. ஒரு விபத்தும் நடக்காதது அதிர்ஷ்டம்தான்."

பப் நடத்தும் பெர்னி என் பக்கம் குனிந்து, "விபத்து இப்பத்தான் வந்து மேடையில நிக்குது" என்றாள்.

எங்கள் ஊருக்கு ஆய்வாளராக வாரியம் நியமித்தது ஃபின்டனை. எங்கள் ஊர்ப் பையன்தான். நான் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஊரில் நடுவயதுக்குக் கீழே இருக்கும் அத்தனை பேரும் என் பேருந்தில் வாந்தி எடுத்தவர்கள். ஃபின்டன் திங்கட்கிழமை தவறாமல் எடுப்பான். இப்போது சட்டையில் வாரியத்தின் சின்னமான பித்தளைச் சுடர் ஒன்றைக் குத்திக்கொண்டு, என்னைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் வெளிறிப்போவான்.

முதலில் பூசணிக்காயைப் பிடித்தார்கள். அது அந்நியக் காய். பழைய காலத்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு செய்தார்கள். உண்மைதான், நானும் குடைந்திருக்கிறேன். பாறையைக் குடைவது இதைவிடச் சுலபம். கடையில் இருந்த பூசணிகளை எல்லாம் லாரியில் ஏற்றி மாவட்ட எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். பக்கத்து மாவட்டம் எங்கள் மேல் வழக்குப் போட்டதாகச் சொன்னார்கள். நான் நம்பினேன், நீங்களும் நம்புங்கள். பிறகு டர்னிப்பை அளந்தார்கள். சிரிக்கும் டர்னிப்புக்கு அனுமதியில்லை, ஏனென்றால் முன்னோர்கள் பல் காட்டிச் சிரித்ததற்கு ஆதாரம் கிடையாதாம்.

அடுத்து வேஷங்கள். பிள்ளைகள் மூதாதையாக வரலாம், குன்றுக்குள் வாழும் மாயக்காரர்களாக வரலாம், அல்லது 'குறிப்பிட்டுச் சொல்ல முடியாத ஓர் அச்சமாக' வரலாம். கூர்த்தொப்பிச் சூனியக்காரி பிற்காலச் சரக்கு. பெர்னியின் பேத்தி டைனோசராக வந்தாள். அவளை ஒரு மேசைக்கு எதிரே நிற்கவைத்து மூன்று அதிகாரிகள் விசாரித்தார்கள்.

"நீ யாருடைய மூதாதைம்மா?"

"கோழியோட" என்றாள் அவள்.

அவர்கள் வெளியே போய்த் தங்களுக்குள் வெகுநேரம் விவாதித்துவிட்டு வந்து, தற்காலிகமாக அனுமதித்தார்கள்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. நான் ஒரு கூட்டத்தையும் விடவில்லை. சாண்ட்விச் கட்டிக்கொண்டு போனேன். பிறகு நெருப்பைப் பற்றிய உத்தரவு வந்தது. அன்று என் நண்பன் மலாக்கியின் முகத்தைப் பார்த்த பிறகு சாண்ட்விச் இறங்கவில்லை.

பழைய கதைகள் சொல்வது இதுதான்: சௌவன் அன்று நாட்டில் எல்லா வீட்டு நெருப்பையும் அணைத்துவிடுவார்கள், குன்றின் மேல் ஒரு பெருநெருப்பை மூட்டி, அதிலிருந்து எடுத்து மறுபடி வீட்டு அடுப்புகளை ஏற்றிக்கொள்வார்கள். அழகான கதை. வாரியம் அதைக் கதையாக விட்டிருக்கலாம். நண்பகலுக்குள் ஊரில் ஒரு பொறி நெருப்புக்கூட இருக்கக் கூடாது, இருட்டும்போது குன்றில் வாரியத்தின் நெருப்பு ஏற்றப்படும், அதிலிருந்து எல்லாரும் எடுத்துப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டது.

மலாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண்தான் அவன் வீட்டில் எரியும். அந்த நெருப்பு அணைந்ததே இல்லை. அவனுடைய கொள்ளுத்தாத்தா பழைய வீட்டை விட்டு வந்தபோது, இரும்புச் சட்டியில் கங்குகளை வைத்து மூடிக் கையோடு கொண்டுவந்த நெருப்பு அது. தினமும் படுக்கப்போகும் முன் கங்குகளைக் கூட்டி, சாம்பலைப் போர்த்தி, இடுக்கியால் சாம்பலில் ஒரு சிலுவைக் கோடு போட்டுவிட்டுப் படுப்பது அவன் மனைவி டீலியாவின் வேலை. காலையில் சாம்பலை விலக்கினால் அடியில் கங்கு விழித்துக்கொண்டு இருக்கும். மலாக்கியை அவள் அதன் கிட்டே விடமாட்டாள். "நீ தொட்டா ஈஸ்டர் மெழுகுவத்திகூட அணைஞ்சிடும்" என்பாள்.

அந்த வருடம் தவக்காலத்தில் டீலியா இறந்துபோனாள். கடைசி நாட்களில் நான் அங்கேதான் இருந்தேன். அவள் அவனைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னாள்: "சௌவனுக்கு வருவேன். அதுவரைக்கும் நெருப்பை விட்றாத. அது இல்லேன்னா எது நம்ம வீடுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்குப் பிறகு அவன் படுக்கையறையில் படுக்கவில்லை. சமையலறைத் தரையில், கணப்புக்குப் பக்கத்தில், கைக்குழந்தைக்குக் காவல் இருப்பவன் மாதிரிக் கிடந்தான். கை முழுக்கச் சூட்டுக் காயம். ஆனால் நெருப்பு இருந்தது.

கூட்டத்தில் மலாக்கி எழுந்து நின்றான். பொது இடத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். தொப்பியை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டே கேட்டான்.

"டாக்டர், எங்க வீட்டு நெருப்பு எங்க கொள்ளுத்தாத்தா காலத்துது. அதை அணைச்சிட்டு எதை ஏத்தப் போறீங்க?"

"பழமையான நெருப்பை."

"அது எவ்வளவு பழசுங்க?"

"இந்த வருஷம்தான் ஆரம்பிக்கிறோம்" என்றார் டாக்டர் டெவ்லின் பெருமையாக. பிறகு குரலைத் தாழ்த்தி, ஆறுதல் சொல்வதுபோல், "உங்க நெருப்பு வயசானதா இருக்கலாம், மலாக்கி. நான் மறுக்கல. ஆனா அது வெறுமனே தொடர்ந்து எரிஞ்சிருக்கு. அதுல ஒரு ஆராய்ச்சியும் இல்ல."

"என் மனைவி வர்றா அன்னிக்கு."

டாக்டர் அதற்கும் தயாராக இருந்தார். "இறந்தவங்க வர்றத வாரியம் தடுக்கவே இல்ல. வரவேற்கிறோம். ஆனா அவங்க ஆளுக்கொரு வீட்டுக்குப் போறதுல என்ன ஒழுங்கு இருக்கு? எல்லாரும் குன்றுக்கு வரட்டும். அங்க கழிப்பறை வசதி செஞ்சிருக்கோம்."

மலாக்கி உட்கார்ந்துவிட்டான். அவன் வாழ்நாளில் நாய்க்குக்கூட உரிமம் வாங்காமல் இருந்தவனில்லை. "உத்தரவுன்னா உத்தரவுதானே, ஜார்லத்" என்று என்னிடம் கிசுகிசுத்தான். "ஆனா அவகிட்ட சொல்லிட்டேனே. ரெண்டையும் எப்பிடிச் செய்யிறது?"

அதற்குள் பங்குச் சாமியார் எழுந்து, தேவாலயத்தில் பலிபீடத்துக்கு முன்னால் அணையாமல் எரியும் விளக்கின் கதி என்ன என்று கேட்டார்.

"அணைக்கணும், ஃபாதர். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும்தான்."

"அது கடவுள் இங்க இருக்கார்னு அர்த்தம்யா!"

"அந்தச் சில மணி நேரம் அவர் அனுமதியோட வெளிய போயிருக்கார்னு வச்சுக்குவோம்."

மீன்வறுவல் வண்டி, சிகரெட் பிடிப்பவர்கள், கார் எஞ்சினுக்குள் தெறிக்கும் பொறி எல்லாவற்றுக்கும் விதி வந்தது. மின்சாரத்துக்கு மட்டும் தடையில்லை. முன்னோர்களுக்கு மின்சாரம் தெரியாததால் அவர்கள் அதைத் தடுக்கவும் இல்லை என்பது வாரியத்தின் வாதம். ஊரில் உள்ள லைட்டர்களையும் தீப்பெட்டிகளையும் எல்லாம் ஃபின்டன் வாங்கி ஓர் இரும்புப் பெட்டியில் போட்டான். சாவி டப்ளின் அதிகாரி ஒருத்தியிடம். அவள் விடுமுறை வாரம் என்று ஊருக்குப் போய்விட்டாள்.

சௌவன் அன்று காலையிலேயே மலாக்கி வீட்டுக்குப் போனேன். அவன் கணப்பின் முன்னால் மண்டியிட்டு இருந்தான். பக்கத்தில் கொள்ளுத்தாத்தாவின் இரும்புச் சட்டி.

"யோசிச்சுப் பாத்தேன்" என்றான். "கணப்பு, விளக்கு, சிகரெட்டுன்னு ஒவ்வொண்ணாத்தான் உத்தரவுல எழுதியிருக்கு. சட்டியில இருக்கிறதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"வக்கீலாப் போயிருக்க வேண்டியவன்டா நீ."

"கிண்டல் பண்ணாத. மூடியப் பிடி."

சட்டியை மறைக்க ஊரில் ஒரே ஓர் இடம்தான் உண்டு: சீமாட்டியின் முதுகுக்குப் பின்னால். சீமாட்டி அவனுடைய பசு. நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகராதவள். கால்நடை மருத்துவர் ஒருவர் அவளை நகர்த்தப் போய்த் தொழிலையே விட்டுவிட்டார். டீலியா உள்ளே வந்தால் மட்டும் தானாக ஒரு பக்கம் ஒதுங்கி வழி விடுவாள். மற்றவர்களுக்கு அவள் ஒரு சுவர். ஆகவே நாங்கள் தொழுவத்தின் பின்புறம் போய், சாணம் தள்ளும் துவாரம் வழியாகச் சட்டியை உள்ளே செலுத்தி, சீமாட்டிக்கும் பின்சுவருக்கும் நடுவே கல்தரையில் வைத்தோம். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோட்டாள்.

நண்பகலுக்கு ஃபின்டன் வாளித் தண்ணீரோடு வந்தான். கணப்பின் மேல் ஊற்றினான். சாம்பல் சீறிக்கொண்டு எழுந்து அடங்கியது. சட்டியில் பாதி பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தும் நான் தொப்பியைக் கழற்றினேன். மலாக்கி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். ஃபின்டனும், பாவம், வாளியை வைத்துவிட்டுக் காலணியைப் பார்த்தான்.

"டீலியா எனக்கு ரொட்டி குடுப்பாங்க" என்றான். "சின்ன வயசுல."

"தெரியும்" என்றேன். "அதுவும் என் பஸ்லதான் வெளிய வந்துது."

அவன் சிவந்துபோய்த் தொழுவத்தைப் பார்க்க வேண்டும் என்றான். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்ன புகை வாசனை?"

"மாடு" என்றான் மலாக்கி.

"மாடு புகையுமா?"

"வயசாயிடுச்சுல்ல."

ஃபின்டன் சீமாட்டியை ஒதுக்கிவிட்டு உள்ளே போகப் பார்த்தான். அவள் பித்தளைச் சுடரைச் சட்டையோடு சேர்த்து நக்கினாள். அதோடு ஆய்வு முடிந்தது.

மாலை ஐந்து மணிக்கு ஊரே குன்றில் நின்றது. மலாக்கி மட்டும் வரவில்லை. ஃபின்டன் போன பிறகு கணப்பை உலரத் துடைத்து, இருட்டுவதற்குள் நெருப்பைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நின்றுவிட்டான். மழை பக்கவாட்டில் அடித்தது. எங்கள் ஊர் மழை மேலிருந்து விழுவதைக் கேவலமாக நினைக்கும். டாக்டர் டெவ்லின் வெள்ளை அங்கி அணிந்து, அதற்கு மேல் ஒளி மின்னும் மஞ்சள் பாதுகாப்புச் சட்டை போட்டு, தலையில் ஓக் மர இலைக் கிரீடமும் அதன் மேல் தலைக்கவசமும் வைத்திருந்தார்.

மண்மேட்டின் நடுவில் துணியால் மூடிய ஒரு பெரிய உருவம். திறந்தார்கள். ஆரஞ்சு நிறப் பட்டுத்துணி, அடியில் மின்விசிறி, சுற்றிலும் விளக்குகள்.

"இது நெருப்பா?" என்று பெர்னி கத்தினாள்.

"நெருப்பின் அனுபவம்" என்றார் டாக்டர். "குன்றில் நிஜ நெருப்பு வைக்கக் காப்பீட்டுக்காரங்க ஒத்துக்கல. ஆனா முன்னோர்களே இங்க இருந்திருந்தா அவங்களும் காப்பீடு எடுத்திருப்பாங்கன்னு நாங்க நம்புறோம்."

ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துப் போக ஒரு பிளாஸ்டிக் மெழுகுவர்த்தி கொடுத்தார்கள். பேட்டரி தனியாக வாங்க வேண்டும்.

"இந்த நொடி, அயர்லாந்து தன் இருளை..." என்று ஆரம்பித்து டாக்டர் பொத்தானை அழுத்தினார். பட்டுத்துணி ஒருமுறை துள்ளியது. பிறகு நீலமாக ஒரு மின்னல், 'டப்' என்று ஒரு சத்தம். குன்றில் விளக்கு போனது. குன்றோடு சேர்த்து ஊரும் போனது. வீடுகள், பப், தேவாலயம், சாலை விளக்கு எல்லாம். எங்கள் காலடியில் ஊர் இருந்த இடத்தில் கிணறு மாதிரி ஓர் இருட்டு. நனைந்த டைனோசர் ஒன்று அழ ஆரம்பித்தது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டே நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே கீழே இப்போது யாராவது வந்துகொண்டிருந்தால்? ஊரில் ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை. வந்தவர்கள் எந்தக் கதவைத் தேடுவார்கள்? என்னைச் சுற்றி எல்லாரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் கீழே வர வேண்டிய யாரோ ஒருவர் இருந்தார்.

அப்போது பெர்னி கையை நீட்டினாள். ஊரின் கோடியில் ஒரே ஒரு சன்னல் சிவந்துகொண்டிருந்தது.

"மீறல்!" என்றார் டாக்டர் டெவ்லின். அவருக்குக் குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க டாக்டர், மீறல்தான்" என்றான் ஃபின்டன். "ஆனா கதகதப்பா இருக்கும்."

டாக்டர் ஒரு கணம் யோசித்தார். "நேர்ல போய்த்தான் கண்டிக்கணும்" என்றார்.

குன்றிலிருந்து ஊரே இறங்கியது. நான் முன்னால் ஓடிப்போய் மலாக்கியை எச்சரிக்கப் பார்த்தேன். என் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. டாக்டருக்கு நீளமான கால்கள். நான் அவருக்குப் பின்னால்தான் வாசலை அடைந்தேன். ஆகவே நடந்ததை அவருடைய தோளோரமாகப் பார்த்தேன்.

கணப்பில் நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது. எதிரே டீலியாவின் நாற்காலி. பக்கத்து முக்காலியில், முட்டைக்கோசு சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு ஒரு தட்டில். நடுவே குழி பறித்து வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு திராட்சை ரொட்டி. அவளுடைய நீலக் கோப்பையில் தேநீர். மலாக்கி முகம் மழித்து, தலை வாரி, அவளை அடக்கம் செய்த அன்று போட்ட அதே கோட்டும் டையும் போட்டு உட்கார்ந்திருந்தான்.

கதவு தள்ளப்பட்ட சத்தம் கேட்டு எழுந்து நின்றான். அந்த முகத்தை நான் அவன் கல்யாணத்தன்று பார்த்திருக்கிறேன்.

உள்ளே வந்தது டாக்டர் டெவ்லின். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது... அந்த நாற்காலி..." என்றான் மலாக்கி.

"ரொம்ப வசதியா இருக்கு, நன்றி" என்றார் டாக்டர். காலணியைக் கழற்றிப் பாதங்களை நெருப்புக்கு நீட்டினார். தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். பின்னாலேயே அதிகாரிகள், ஊர்க்காரர்கள், பிள்ளைகள், டர்னிப்புகள். அறையில் ஈரக்கம்பளி நாற்றம். சுவரோரம் ஒதுங்கி ஒதுங்கி மலாக்கி தன் சமையலறையின் மூலைக்கு வந்துவிட்டான். திறந்திருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஆட்களால் அடைபட்டிருந்தது.

சூடு ஏறியதும் டாக்டருக்குப் பேச்சு வந்தது. எழுந்து, டீலியாவின் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே! நாம பல வருஷமாத் தேடிக்கிட்டிருந்தத இன்னிக்கு வாரியம் கண்டுபிடிச்சிருக்கு. அணையாத ஒரு நெருப்பு! தலைமுறை தலைமுறையா! இது இத்தனை நாளா எந்தக் கவனிப்பும் இல்லாம ஒரு சாதாரண வீட்ல கிடந்திருக்கு."

"கவனிப்பு இல்லாமயா?" என்றாள் பெர்னி. "அந்தாளு கையப் பாருய்யா!"

"அதேதான் என் கவலையும். பயிற்சி இல்லாதவர் கையாண்டதால வந்த காயம். இனிமே அவருக்கு அந்தச் சிரமம் வேணாம். இந்தக் கணத்துலருந்து இந்த நெருப்பு வாரியத்தோட பாதுகாப்புல இருக்கு."

ஓர் அதிகாரி எங்கிருந்தோ நீலக் கயிறு எடுத்துக் கணப்பைச் சுற்றிக் கட்டினார். இன்னொருவர் அறையில் ஆட்கள் அதிகம், இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார். யார் யார் அவசியம் என்று பார்த்தார்கள். இயக்குநர் அவசியம். அதிகாரிகள் அவசியம். ஃபின்டன் குரல் கேட்காத அளவுக்கு மெதுவாக, "மலாக்கி, நீங்க கொஞ்சம் வெளிய..." என்றான். மேலே சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்கு அந்தப் பாவனை பழக்கமானது. நான் வழக்கம்போல் ஒதுங்கி நின்றேன்.

"இது அவர் வீடுய்யா!" என்று பெர்னி கத்தினாள்.

"நாங்க எடுத்துக்கலையேம்மா. வீடு அவரோடதுதான்" என்றார் டாக்டர் கனிவாக. "நாங்க கேக்கிறதெல்லாம் அவர் இதுக்குள்ள இருக்கக் கூடாதுங்கிறது மட்டும்தான்."

அதிகாரிகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் மலாக்கி கயிற்றுக்கு அடியில் குனிந்தான். இடுக்கியால் ஒரு கங்கு எடுத்தான். நான் கணப்போரம் இருந்த சட்டியின் மூடியைத் திறந்தேன். யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பின்கதவு வழியாக வெளியே போனோம்.

வாரியத்தின் பாதுகாப்பில் இருந்த நெருப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று காவலுக்கு வைத்த அதிகாரிக்குச் சாம்பல் போர்த்தத் தெரியாது. விடிவதற்குள் அணைந்துபோயிற்று. காலையில் அவர் எங்கிருந்தோ ஒரு லைட்டர் தேடிப் பிடித்து, கிழித்த செய்தித்தாளில் பற்றவைத்துவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை. சன்னல் வழியாக நான் பார்த்தேன், நான் எல்லாரிடமும் சொன்னேன். இன்று அதன் மேலே வெண்கலப் பலகை இருக்கிறது: 'ஒருபோதும் அணையாத நெருப்பு.' சுற்றுலாப் பேருந்துகள் வருகின்றன. உள்ளே போய்ப் பார்க்க மலாக்கியும் சீட்டு வாங்க வேண்டும். முதியோர் என்பதால் பாதிக் கட்டணம். டீலியாவின் நாற்காலியில் 'இறந்தவர்களுக்காக, உட்காராதீர்' என்று அட்டை தொங்குகிறது. டாக்டர் டெவ்லின் வரும்போது மட்டும் அட்டையைக் கழற்றிவிடுவார்கள்.

அந்த மாலைக்கு வருகிறேன்.

தொழுவத்துக்குள் மலாக்கி எப்படிப் போனான் என்று கேட்காதீர்கள். அந்தக் கோட்டோடும் டையோடும் சாணத் துவாரத்தில் தவழ்ந்து போனான் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். நான் சட்டியைத் தள்ளினேன், பிறகு பால் கறக்கும் முக்காலிகள் இரண்டை. பின்பு முன்பக்கம் சுற்றி வந்து, தொழுவத்தின் கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, நிலைப்படியில் சாய்ந்து நின்றேன். எனக்கும் உள்ளே இருந்த அவனுக்கும் நடுவில் சீமாட்டி.

அவன் கங்கின் மேல் கரிமண் துண்டுகளை அடுக்கி ஊதினான். கொஞ்ச நேரத்தில் பசுவின் வயிற்றுக்கு அடியில் சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. வீட்டிலிருந்து டாக்டரின் குரல் மழையைத் தாண்டிக் கேட்டது.

"ஜார்லத்."

"சொல்லுடா."

"அவளுக்குக் கூட்டம்னாலே ஆகாது. வாசல்ல அத்தனை பேரப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிருந்தா?"

எனக்கு எதற்கும் பதில் இருக்கும். பேருந்தில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னவன் நான். அன்று தேடித் தேடித்தான் கிடைத்தது.

"நீ கோச்சுக்கிட்டு வீட்ட விட்டுப் போனா அவ உன்ன எங்க வந்து தேடுவா?"

உள்ளே இன்னொரு கரிமண் துண்டு நெருப்பில் விழும் சத்தம் கேட்டது.

"இங்கதான்" என்றான்.

"அப்புறம் என்ன?"

"இடமே இல்லையேடா" என்றான். "ரெண்டாவது முக்காலியப் போட முடியல. இந்தச் சனியன் நகர மாட்டேங்குது. வந்தா அவ எங்க உக்காருவா?"

நான் சீமாட்டியின் விலாவில் கைவைத்துத் தள்ளினேன். தேவாலயச் சுவரைத் தள்ளியிருக்கலாம். கையை எடுத்துவிட்டு, தோற்றுப்போய் மறுபடி நிலைப்படியில் சாய்ந்தேன். மழை கொஞ்சம் விட்டது. என் பின்னால் முற்றத்தில் யாரும் இல்லை; நான் திரும்பிப் பார்த்தேன்.

இந்தக் கதையில் நான் கூட்டிச் சொன்னவை நிறைய. இதில் ஒன்றும் கூட்டவில்லை. சீமாட்டி அசைபோடுவதை நிறுத்தினாள். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். பிறகு, யாரும் தொடாமல், ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டாள்.

மலாக்கி என்னைப் பார்க்கவில்லை. டையைச் சரிசெய்துகொண்டான். இரண்டாவது முக்காலியை நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.